கரையில் நிற்பவன் கணக்கு

மே மாதக் கூட்டத்தில் ஒண்டிக்கடை முக்கில் நின்றால் ஒரு நாளைக்கு நான்கு பேராவது என்னிடம் கேட்பார்கள்: "அண்ணா, இங்க ராஃப்டிங் எங்க பண்றாங்க?" இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வழியில் இரண்டு பேர் வாந்தி எடுத்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களிடம் "இங்க ஆறே இல்லைங்க" என்று சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம்தான். ஏனென்றால் என் கடைப் பலகையில் 'ராஃப்டிங் டூர் ஏற்பாடு செய்து தரப்படும்' என்று எழுதி வைத்திருப்பவனே நான்தான்.

ஏற்காட்டில் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஏரி இருக்கிறது, மிதிபடகு இருக்கிறது. ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவியில் விழும். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை வடக்கே வாணியாறாக இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் தேங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. தெற்கே திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து, நகரம் கொட்டுவதையெல்லாம் சுமந்துகொண்டு காவிரியைத் தேடிப் போகிறது. மேற்கே ஓமலூர், எடப்பாடி வழியாகச் சரபங்கா. மூன்றுமே மலையை விட்டு இறங்கிய பிறகுதான் ஆறு என்று பெயர் வாங்குகின்றன. மலையில் இருக்கும்வரை ஓடை, குட்டை, பாறைக் கசிவு. ஆக, நான் விற்கிற சரக்கு என் ஊரில் கிடைக்காது.

அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். நான் 1998இல் ஒரு பழைய வேன் வாங்கி, சேலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களை மேலே கூட்டி வருவதில் ஆரம்பித்தேன். லேடீஸ் சீட், பக்கோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், ஏரி. ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டாம் நாள் என்ன செய்வது என்று கூட்டம் கேட்கும்போது ஒகேனக்கல் கூட்டிப் போவேன். ஆற்றோடு என் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

தண்ணீர்க் கணக்கு படித்ததும் அங்கேதான். தினமும் காலைப் பேப்பரில் ஒரு மூலையில் வரும்: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி; பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை. மற்றவர்கள் தாண்டிப் போகிற அந்த மூன்று வரிதான் எனக்கு ராசிபலன். கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற அளவு அது. மேலே கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் திறந்துவிட்டால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் ஆறு ஏறும். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். வினாடிக்கு 8,000 கன அடி என்றால் 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி பத்தொன்பதை ஒரே வினாடியில் கவிழ்ப்பதற்குச் சமம். இந்தக் கணக்கை வேனில் போட்டுக் காட்டினால், அதுவரை "கொஞ்சம் தண்ணி வந்தா என்னங்க, அதுதானே ஜாலி" என்று பேசிக்கொண்டு வந்தவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பரிசல்காரர் இருந்தார். என்னைவிட இருபது வயது பெரியவர். பரிசலில் ஆள் ஏற்றுவதற்கு முன் அவர் ஆற்றைப் பார்க்கவே மாட்டார், ஆட்களைத்தான் பார்ப்பார். யார் முதலில் ஓடி வருகிறான், யார் குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், யாருடைய நடை தள்ளாடுகிறது. கனமான ஆளை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார். "ஆத்த நான் தெனம் பாக்குறேன் தம்பி. இவங்களத்தான் இன்னைக்கு மொத தடவையா பாக்குறேன்" என்றார் ஒருமுறை. அன்றைக்கு அது எனக்குப் பேச்சு சாமர்த்தியமாகத்தான் பட்டது.

பரிசல் வேறு, ராஃப்ட் வேறு. பரிசல் மூங்கில் பத்தையில் பின்னிய கூடை. முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். வட்டமாக இருப்பதால் நீரோடு சண்டை போடாது. சுழலும், வழுக்கும், உள்ளே தண்ணீர் வந்தால் மொண்டுதான் ஊற்ற வேண்டும். பயணிக்கு வேலை கிடையாது, உட்கார்ந்திருந்தால் போதும். ராஃப்ட் காற்றடைத்த ரப்பர். அதன் அடித்தளத்தில் ஓட்டை இருக்கும். உள்ளே வருகிற தண்ணீர் தானே வெளியேறிவிடும். உட்காருவது உள்ளே அல்ல, ஓரக் குழாயின் மேல். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துடுப்பு. ஆறு பேரும் துடுப்புப் போட்டால்தான் பின்னால் இருக்கிற கைடு சொல்கிற பக்கம் அது திரும்பும். ராஃப்டிங் புக் செய்கிறவர்கள் பலருக்கும் இது தெரியாது. தீம் பார்க்கில் பெல்ட் போட்டு உட்கார வைக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு, வேலைக்குச் சேரப் போகிறார்கள்.

இந்தத் தொழிலில் பெரிய தொல்லை நாள்காட்டி. நம் ஊரில் கூட்டம் கிளம்புவது ஏப்ரல், மே. குடகில் பாராபோளே ஆறு ராஃப்டுக்குத் தோதாக ஓடுவது தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. மே மாதத்தில் அங்கே போனால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். ரிஷிகேஷில் கங்கை நேர்மாறு: மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், செப்டம்பர் கடைசியில் திறந்து ஜூன்வரை ஓட்டுவார்கள். கோடை விடுமுறைக்கு ஓரளவு தோது என்றால் வட கர்நாடகத்தில் தாண்டேலிப் பக்கம் காளி ஆறுதான். சூப்பா அணையில் மின்சாரம் எடுக்கத் திறக்கிற தண்ணீரில் கணேஷ்குடியிலிருந்து ராஃப்ட் விடுகிறார்கள். மழை பெய்யாவிட்டாலும் ஊருக்குக் கரண்ட் வேண்டுமே! நேரத்தையும் மின்நிலையம்தான் தீர்மானிக்கும். "நாங்க லேட்டா எந்திரிச்சு சாப்ட்டு பன்னெண்டு மணிக்கு வர்றோம்" என்கிற கூட்டத்துக்கு ஆறு காத்திருக்காது.

சாலைக்கும் நேரம் உண்டு. சேலத்திலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூர், குடகு போகிறவர்கள் இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புவார்கள். 2022லிருந்து திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணிவரை கார், வேனை விடுவதில்லை. பந்திப்பூரில் 2009லிருந்தே இரவுத் தடை. இது தெரியாமல் பண்ணாரி சோதனைச் சாவடியில் விடிய விடியக் கொசுக்கடியில் கிடந்துவிட்டு, மறுநாள் தூக்கக் கண்ணோடு ராஃப்டில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். தூங்காதவன் கைடு சொல்வதை அரை வினாடி தாமதமாகக் கேட்பான். வேகநீரில் அந்த அரை வினாடிக்கு விலை உண்டு.

2011ஐச் சொல்லாமல் தாண்ட முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆறு; பேர் வேண்டாம். சேலத்து ஆலை ஒன்றின் கணக்குப் பிரிவு ஆட்கள், இருபது பேர். தங்கும் இடமும் ராஃப்டிங்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ். பாதிப் பணம் முன்கூட்டியே கட்டியிருந்தேன். காலையில் ஆற்றங்கரைக்குப் போனால் நிற்பது இரண்டே ராஃப்ட். அந்த அளவு ராஃப்டுக்கு ஆறு பேர், மிஞ்சினால் எட்டு. "மூணாவது வண்டி ரிப்பேர் சார், பத்து பத்தா ஏத்திக்கலாம், நோ பிராப்ளம்" என்றார்கள். ஹெல்மெட் பதினேழுதான் இருந்தது. மூன்று பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிப் பணம் அவர்களிடம், மீதிப் பணம் என் சட்டைப்பையில், இருபது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வேண்டாம் என்றால் எட்டு மணி நேரப் பயணம் வீண் என்று மனசு சொன்னது. வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ராஃப்ட் ஒரு திருப்பத்தில் பாறையில் பக்கவாட்டாக மோதிக் கவிழ்ந்தது. கரையிலிருந்து பார்த்தால் சத்தமே இல்லாமல் நடந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். இரண்டு நிமிடம் இருக்கலாம். எனக்கு அது இன்னும் முடியவில்லை. பத்தாவது ஆள் கவிழ்ந்த ராஃப்டுக்கு அடியிலேயே, காற்று தங்கியிருந்த இடைவெளியில் மூக்கை வைத்து, கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போயிற்று, புருவத்தில் நான்கு தையல். அவ்வளவுதான் சேதம். திரும்பி வரும்போது வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வருடம் ராஃப்டிங் பக்கம் போகவில்லை. மறுபடி தொடங்கியபோது பரிசல்காரர் சொன்னதிலிருந்து தொடங்கினேன். இப்போது ஒரு கூட்டம் வந்தால் எந்த ஆறு என்று நான் முதலில் பேசுவதே இல்லை. பெயர்ப் பட்டியல் கேட்பேன். வயது, எடை, நீச்சல் தெரியுமா, இதய நோய், வலிப்பு, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம். எடையைக் கேட்டால் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஆண்கள்தான் பொய் சொல்கிறார்கள். 105 கிலோ ஆள் 90 என்று எழுதுவார். பிறகு ஆற்றங்கரையில் ஜாக்கெட்டின் கொக்கி மாட்டாது. ஆகவே என் கடையில் ஒரு எடை மெஷின் வைத்திருக்கிறேன். சாக்கு, காபிக்கொட்டைக்கு என்று.

பட்டியலில் எல்லோரையும்விடத் தெம்பு குறைந்த ஆள் யார் என்று பார்த்து, அவருக்கு ஏற்ற ஆற்றைத்தான் மொத்தக் கூட்டத்துக்கும் எடுப்பேன். இதில் எனக்கும் கூட்டத் தலைவருக்கும் சண்டை வராத டூரே கிடையாது. வேகநீரை உலகம் முழுக்க ஒன்றிலிருந்து ஆறுவரை தரம் பிரிக்கிறார்கள்; ஒன்று சலசலப்பு, ஆறு என்றால் உயிர் மேல் ஆசை இல்லாதவர்களுக்கு. ஐ.டி. கம்பெனிப் பையன்கள் யூடியூப் பார்த்துவிட்டு வந்து "நாலு போடுங்க அண்ணா" என்பார்கள், காரம் கேட்கிற மாதிரி. முதல் தடவைக் கூட்டத்துக்கு மூன்றுக்கு மேல் நான் எடுப்பதில்லை. அந்த மூன்றும் நிலையான மூன்று அல்ல. தண்ணீர் ஏறினால் அதே இடம் நான்காகிவிடும், சில இடங்களில் பாறை மூழ்கி இரண்டாகவும் ஆகிவிடும். ஆகவே ஆற்றின் பெயரைச் சொல்லித் தரம் சொல்கிறவரை நம்ப மாட்டேன். தேதி சொல்லிச் சொல்ல வேண்டும்.

குடி விஷயம் இன்னும் சங்கடமானது. நம்மூர் ஆண்கள் கூட்டமாகக் கிளம்பினால் டிக்கியில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குடிக்காதே என்று சொல்ல நான் யார்? ஆகவே வரிசையை மாற்றிவிட்டேன்: போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும் ஆறு, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். முதல் ராத்திரி சாப்பிட்டதும் படுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி வண்டியை ஓட்டச் சொல்வேன். இந்தத் தந்திரத்தை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. இப்போது நானே எழுதிவிட்டேன்.

ஆட்களைப் பார்த்து முடித்த பிறகுதான் நடத்துகிறவர்களுக்குப் போன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போன் எடுப்பவர் ராஃப்ட் வைத்திருப்பவரா, இல்லை இடையில் நிற்பவரா என்பது. தங்கும் விடுதிக்காரர்கள் பலர் ராஃப்டிங்கையும் சேர்த்து விற்பார்கள். ஆற்றில் இறக்குகிறவர் வேறு ஆள். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் "நேத்து தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். ராஃப்ட் ஓட்டுகிறவர் உடனே சொல்வார், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். இடைத்தரகர் "சூப்பரா இருக்கு சார்" என்பார். அடுத்து, "எங்ககிட்ட 110 கிலோ ஆள் ஒருத்தர் இருக்காரு, அறுபத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்க இருக்காங்க, ஏத்துவீங்களா?" என்பேன். எல்லாம் ஆகும், நோ பிராப்ளம் என்று சொல்கிற நம்பரை அப்படியே அடித்துவிடுவேன். "அந்த ஜாக்கெட் இருக்கு, அம்மா வேண்டாம்" என்று சொன்னவரிடம்தான் பல வருடமாக என் கூட்டம் போகிறது. மறுக்கத் தெரிந்தவரிடம் விலை பேச எனக்கு மனசு வருவதில்லை. அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் கூடுதலாகத்தான் வாங்குகிறார்.

கைடு எங்கே பயிற்சி எடுத்தார், முதலுதவிச் சான்று எந்த வருடத்தது, ராஃப்டோடு கூட மீட்புக்கு ஒரு கயாக் படகு வருமா, வீசுகயிறு எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 2018இல் மத்திய சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துவோர் சங்கமும் சேர்ந்து ஒரு வழிகாட்டு நூல் வெளியிட்டன. அதில் ராஃப்டிங் பகுதியை மட்டும் சேலத்தில் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். போனில் பேசும்போது தாளைப் புரட்டுகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கும்படி புரட்டுவேன்.

பணத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? ஆறு ஏறி நடத்துகிறவர் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அரசு உத்தரவு போட்டு நிறுத்தினாலும் அப்படியே. கரைக்குப் போன பிறகு கூட்டத்தில் இரண்டு பேர் பயந்துவிட்டால் அவர்கள் பங்கு போகட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். இதை முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுவேன். ராஃப்டிங் நிறுத்தப்பட்டால் பணம் நஷ்டம் என்கிற நிலைமையில் கரையில் நின்றால், 2011இல் நின்ற மாதிரிதான் நிற்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், ஒழுங்கான விதிமுறை வகுக்கும்வரை அந்த மாநிலத்தில் ராஃப்டிங், பாராகிளைடிங் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது. கேரளா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருந்த என் பன்னிரண்டு பேர் ரிஷிகேஷ் போய் ஆரத்தி பார்த்துவிட்டு வந்தார்கள். ராஃப்டிங் முன்பணம் முழுதாகத் திரும்பியது. உண்மையில் ஜூன் கடைசி வாரமே தப்பான தேதி. தேதி போட்டவன் நான்தான்.

பள்ளிக்கூடங்கள் கூப்பிட்டால் இப்போதெல்லாம் பேச்சே வேறு மாதிரி. 2023 மே மாதம் கேரளத்தில் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா போன 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். இரண்டும் வேகநீர் அல்ல. தேங்கிய தண்ணீர், அளவுக்கு மேல் ஆள், போடாத ஜாக்கெட். அதற்கடுத்த வாரம் ஒரு பள்ளித் தலைமையாசிரியை போன் செய்து, "எங்க பிள்ளைங்க ஏற்காடு ஏரியில போட் ஏறலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். ஏறலாம் மேடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜாக்கெட்டை நீங்களே மாட்டிப் பாருங்கள் என்றேன். தோள்பட்டைப் பக்கம் பிடித்து மேலே தூக்க வேண்டும். காதுவரை ஏறினால் அந்த ஜாக்கெட் அந்தப் பிள்ளைக்கு இல்லை. தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மிதக்கும். அவர் அன்றைக்கு அறுபது பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்ததை ஏரிக்கரையில் நின்று பார்த்தேன்.

மொழிக்கு வருகிறேன். கைடுகள் பெரும்பாலும் நேபாளிகள், கட்வாலிகள், கன்னடப் பையன்கள். ஆணைகள் ஆங்கிலத்தில் வரும்: ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன். வார்த்தை எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் அலை முகத்தில் அடிக்கும்போது தெரிந்த வார்த்தையும் காதில் ஏறாது. ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் கூட்டத்தை ஏரிக்கரைப் புல்வெளியில் இரண்டு வரிசையாக உட்கார வைத்து, துடைப்பக் கட்டையைக் கையில் கொடுத்துப் பழக்குவேன். ஆற்றில் விழுந்தால் மல்லாந்து படு, காலை முன்னால் நீட்டு, எழுந்து நிற்கப் பார்க்காதே. பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் உன்னைக் கவிழ்த்து அமுக்கிவிடும். வேகமாக ஓடுகிற தண்ணீரில் இடுப்பளவில்கூட நிற்கக் கூடாது என்பதை நம்ப வைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். சுற்றிலும் சுற்றுலாப் பயணிகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், ஒருவர் வீடியோ எடுப்பார். யாராவது "இதுதான் ஏற்காட்டு ராஃப்டிங்கா?" என்று கேட்பார்.

போன வருடம் ஏப்ரலில் சேலத்துக் குடும்பம் ஒன்று, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளோடு இருபத்தொரு பேர், காளி ஆற்றுக்கு வந்தார்கள். மூன்று ராஃப்ட், ஏழு, ஏழு, ஆறு. அவர்களில் நடத்துகிறவர் வேண்டாம் என்று சொல்லியிருந்த அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் என்னோடு இறங்குகிற இடத்துக்கு வேனில் வந்துவிட்டார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் டிரைவருக்கும் கொடுத்தார்.

ராஃப்டுகள் திருப்பத்தில் தெரிந்ததும் நான் வழக்கம்போல் ஹெல்மெட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் அவரும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது ராஃப்ட் கரை தொடுவதற்குள் முடித்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, இருபது பேருதான போனாங்க? எனக்கு இருபத்திமூணு வருது."

"கைடு மூணு பேருங்கம்மா."

"அதானே பாத்தேன்" என்றவர், நம்பாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.